யார் விளையாட, யார் மார்க் போட?

நடுவர் ஐயா அவர்களுக்கும், பொங்கல் வைத்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், ஃபோனை சைலன்டில் போட்ட பிள்ளைகளுக்கும், போடாத பிள்ளைகளுக்கும் வணக்கம்.

"பொழுதுபோக்கு வீடியோ கேம்களுக்கு விமர்சகர்கள் போடும் மார்க் நியாயமானதா, இல்லையா?" இதுதான் தலைப்பு. பொழுதுபோக்கு கேம் என்றால், பெரிய பயிற்சி இல்லாமல் யாரும் கொஞ்ச நேரம் ஆடுகிற கேம். இல்லை என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, தராசு என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான், சண்டை கேமுக்கு ஒன்று, மிட்டாய் அடுக்கும் கேமுக்கு ஒன்று என்று வைக்க முடியாது என்றார். கைதட்டலும் வாங்கினார். தம்பி, இந்த யாங்கூனில் பொன்னைக் கியாத்தாவில் நிறுக்கிறோம், வெங்காயத்தை விசையில் நிறுக்கிறோம். 100 கியாத்தா ஒரு விசை, கணக்கு ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பொன்கடைத் தராசில் வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு, "இது சரியாக நிற்கவில்லை, மட்டமான வெங்காயம்" என்றால் ஆசாரி சிரிக்க மாட்டாரா?

என் பெரியம்மாவுக்குத் தெய்ஞ்ஜி மார்க்கெட்டில் மசாலாக் கடை. அவருடைய ஃபோன் திரை எப்போதும் மஞ்சளாகவே இருக்கும். தூள் அள்ளிய கையோடு, ஒரே நிற மிட்டாய்களை வரிசையாகச் சேர்க்கும் கேண்டி க்ரஷ் ஆடுவார், அதுவும் சுண்டுவிரலால். அதுதான் சுத்தமான விரலாம்! ஆள் வந்தால் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அரை விசை மல்லி நிறுத்துக் கொடுத்து, சில்லறை எண்ணி, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். போன வருஷம் கண்ணில் புரை விழுந்தது. சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரிகிறது என்றார். சரி, இனி விளையாட்டு அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. எப்படி என்று கேட்டால், "சிவப்பு மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கு, பச்சை சதுரமா இருக்கு, மஞ்சள் எலுமிச்சம்பழம். நிறம் எதுக்குடா?" என்கிறார்.

செய்தவன் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வடிவமும் கொடுத்திருக்கிறான். பெரியம்மா சொல்லும்வரை எனக்கும் அது கண்ணில் படவில்லை. அப்புறம் குமிழ் உடைக்கும் வேறொரு கேமை இறக்கிக் கொடுத்தேன். எல்லாம் ஒரே உருண்டை, நிறம் மட்டும்தான் வேறு. பத்து நிமிஷத்தில் ஃபோன் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. அதை நான் தேர்ந்தெடுத்ததே, நன்றாக இருக்கிறது என்று ஒரு விமர்சனம் படித்துத்தான். எழுதியவருக்குக் கண் நல்ல கண்.

நடுவர் அவர்களே, நம்மில் பலருக்கு முதல் விளையாட்டு எந்திரமே ஃபோன்தான். 2014இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து, சிம் கார்டு 1,500 கியாட்டுக்குக் கிடைத்த பிறகுதான் கடைவீதி வரைக்கும் ஃபோன் வந்தது. கரன்ட் வரும் நேரம் பார்த்து சார்ஜ் போடுகிறவருக்கு, ஒரு கேம் பேட்டரியை எவ்வளவு தின்கிறது, நெட் இல்லாமல் ஓடுமா என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை விமர்சனத்தில் அது முதல் வரியாக வருகிறது?

2006இல் நின்டென்டோ கம்பெனி தன் 'வீ' விளையாட்டு எந்திரத்துக்கு 'வீ ஸ்போர்ட்ஸ்' கொண்டுவந்தது. தாத்தா பாட்டிகூட எழுந்து நின்று கையை வீசி டென்னிஸ் ஆடிய கேம். விமர்சகர்களின் மார்க்கைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக்கில் அதற்கு 100க்கு 76. வீடு வீடாகப் போனதோ 8 கோடிக்கும் மேல். பல நாடுகளில் எந்திரத்தோடு சேர்த்தே கொடுத்தார்கள் என்று எதிரணி எழுந்து நிற்கும். உண்மைதான், உட்காருங்கள். இலவசமாக வந்ததைப் பெட்டியிலேயே விடாமல், சோபாவை நகர்த்தி இடம் பண்ணி ஆடினார்களே, அது எந்த மார்க்கில் வருகிறது?

ஜப்பானில் ஃபாமிட்சு என்ற பத்திரிகையில் ஒரு கேமுக்கு நான்கு பேர் தனித்தனியாகப் பத்துக்கு மார்க் போடுவார்கள். நாய்க்குட்டி வளர்க்கும் 'நின்டென்டாக்ஸ்' 2005இல் அங்கே 40க்கு 40 வாங்கியது. நாய்க்குட்டியை நாய்க்குட்டியாகப் பார்த்திருக்கிறார்கள். (நடுவர் ஐயா, உங்களை நான்காக்கச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.)

விமர்சகர் மார்க்கைக் குறைத்துவிட்டார் என்று அழுவதோடு என் கட்சி முடியவில்லை. சில நேரம் அள்ளியும் கொடுத்துவிடுகிறார்! கேண்டி க்ரஷ்ஷில் ஐந்து உயிர், ஒரு கட்டத்தில் தோற்றால் ஒன்று போகும். போன உயிர் ஒன்று திரும்பி வர 30 நிமிஷம். இரண்டு நாளில் கட்டுரை கொடுக்க வேண்டியவருக்கு அது எரிச்சல். பெரியம்மாவுக்கு அது, "எழுந்து போய் உலை வை" என்று சொல்லும் மாமியார். ஆனால் நாள் போகப் போக ஒரு கட்டம் நகராமல் நிற்கும்போது, இன்னும் ஐந்து நகர்த்தல் வேண்டுமா, காசு கொடு என்று கேட்கிறதே, அந்தக் கடை முழுசாகத் திறக்கும்போது விமர்சகர் மூட்டை கட்டிப் போயிருப்பார். முதல் வாரத்து மாப்பிள்ளையைப் பார்த்துச் சான்றிதழ் எழுதுகிற கதைதான்.

அப்படியானால் மக்களே நட்சத்திரம் போடட்டும் என்றார் எதிரணித் தங்கை. அதையும் பார்த்தோம். 2020 மார்ச்சில், தீவு ஒன்றில் குடியிருந்து ஆடும் 'அனிமல் க்ராஸிங்' வந்தபோது, ஓர் எந்திரத்துக்கு ஒரு தீவுதான் என்ற கோபத்தில், மெட்டாக்ரிட்டிக்கில் ஆடுகிறவர்களே மார்க் போடும் பகுதியில் பூஜ்யம் பூஜ்யமாகக் குவித்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அந்தக் கோபம் நியாயமானதும்கூட. ஆனால் தனியாக ஆடுகிற ஒருத்திக்கு அந்தப் பூஜ்யம் என்ன சொல்லும்? அந்தப் பக்கம், ஒரு கட்டம் ஜெயித்த கையோடு "ஐந்து நட்சத்திரம் தருவீர்களா?" என்று கேட்கும் கேம்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றும்போதே சமையல் எப்படி என்று கேட்டால் யார்தான் குறை சொல்வார்கள்?

நான் கேட்பது கொஞ்சம்தான். மார்க்குக்குப் பக்கத்தில், யார் விளையாடினார், எத்தனை நாள், எங்கே உட்கார்ந்து, சொந்தக் காசு எவ்வளவு போனது என்று நான்கு வரி. தலைமுறையாக பாத்திரம் விற்கிறவரே சோற்றைக் கொதிக்க வைத்துக் காட்டித்தானே விற்கிறார்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டியிருப்பவர்தான் என் பெரியம்மா. தீர்ப்புக்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இப்போதே கேட்டால் நல்லது. ஐந்து உயிரும் போய்விட்டதால்தான் இவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.