தஞ்சாவூர், தஞ்சாவூர், ஏறு! ஜிடிஏ-வில் டைமிங் பஸ் ஓட்டலாம் வாங்க

[திரையில்: லாஸ் சாண்டோஸ் தெரு. இரண்டு சிட்டி பஸ் ஒன்றையொன்று உரசியபடி நிற்கின்றன.]

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தனியார் பஸ்ஸில் போனவர்களுக்கு டைமிங் சண்டை தெரிந்திருக்கும். முன்னால் போன வண்டி பாபநாசத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அதை ஓரங்கட்டப் பார்ப்பார். இதையே நெட்டில் பல பேர் சேர்ந்து ஆடுகிற ஜிடிஏ ஆன்லைன் என்ற வீடியோ கேமில் ஆடலாம். ஆறு பேர் போதும்.

2013 அக்டோபரில் ஜிடிஏ ஆன்லைன் வந்தது. அந்த டிசம்பரிலேயே ரேஸும் டெத்மேட்சும் (ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் ஆட்டம்) நாமே அமைத்துக்கொள்ள கிரியேட்டர் என்று ஒரு கருவி கொடுத்தார்கள். நல்ல கருவிதான், ஆனால் இந்த ஆட்டத்துக்கு அது வேண்டாம். வாய்ப்பேச்சு போதும். இன்வைட் ஒன்லி செஷன் திறந்து நம் ஆட்களை மட்டும் கூப்பிடுங்கள். பொது செஷன் என்றால் 30 பேர் வரை இருப்பார்கள். அதில் எவனாவது ராக்கெட் லாஞ்சரோடு வந்து பஸ்ஸைக் கொளுத்திவிட்டுச் சிரிப்பான்.

[திரையில்: வரைபடத்தில் நகரத்திலிருந்து சாண்டி ஷோர்ஸ் வரை ஒரு கோடு.]

கேமில் வருகிற லாஸ் சாண்டோஸ் நகரம்தான் கும்பகோணம். சாண்டி ஷோர்ஸ் தஞ்சாவூர். நகரத்துக்குள் சிட்டி பஸ் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் டிரைவர், நான்கு பேர் பயணி. வழியில் பாபநாசம், அய்யம்பேட்டை என்று நிறுத்தங்களைக் குறித்துக்கொண்டு, பயணிகள் பிரிந்து போய் நிற்க வேண்டும். பஸ் நின்றால்தான் ஏறலாம்.

இப்போது பாயிண்ட். இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதலில் ஊர் சேருகிறவனுக்கு 10 பாயிண்ட், பயணி ஒருவருக்கு 1 பாயிண்ட் என்று வைத்துப் பாருங்கள். நான்கு பேரையும் ஏற்றினாலும் 4-தான். எவன் நிற்பான்? பயணிகள் ரோட்டோரம் காய வேண்டியதுதான். திருப்பி, முதலில் வருவதற்கு ஒன்றுமே இல்லை என்று வைத்தால் ஆளுக்கொரு பக்கம் ஆமை மாதிரி உருட்டிக்கொண்டு வருவார்கள். முதலில் வந்தால் 3, கொண்டுவந்து இறக்கிய ஒவ்வொரு பயணிக்கும் 2. இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவருக்கு வயிறு கலங்கும்: நிற்பதா, விட்டுவிட்டுப் போவதா?

பயணிக்கும் ஏதாவது வேண்டுமே? அவர் ஏறிய பஸ் முதலில் வந்தால் அவருக்கு 1 பாயிண்ட். இதைச் சேர்த்ததும் அவர் சும்மா நிற்கிற ஆள் இல்லை. காலியாக வருகிற பஸ் வேகமாகப் போகும் என்று கணக்குப் போட்டு, முதலில் வந்த பஸ்ஸை விட்டுவிடுவார். கெஞ்சல், பேரம், “மாப்ள, ஏறுடா, சீட்டு இருக்கு” எல்லாம் தானாக வரும்.

[திரையில்: பஸ் மெதுவாக ஊர்கிறது. பயணி கதவுக்குப் பக்கத்தில் ஓடுகிறார்.]

சண்டையும் வரும். “அவன் நிக்கவே இல்லடா, உருட்டிக்கிட்டே போனான்.” “நின்னேன் பங்காளி, நீதான் பாக்கல.” போங்கு ஆட்டம் என்று ஒருத்தன் ஹெட்செட்டைக் கழற்றிவிடுவான். பஸ் நின்றதா என்று கேம் பார்த்துச் சொல்லாது. நம் விதி எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விதிகளை மட்டும் வையுங்கள். “வேண்டுமென்றே இடிக்கக் கூடாது” என்பதை எழுதிப் பயனில்லை. மனசுக்குள் இருப்பதை யார் பார்ப்பது? “பஸ் கவிழ்ந்தால் பயணி இறங்கிக்கொள்ளலாம்” என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நின்றதா இல்லையா என்பதில் பயணி சொல்வதே தீர்ப்பு.

முழுக்க முழுக்க நாணயத்தை நம்பி ஓடிய ஆட்டமும் உண்டு. 2004-ல் வந்த ஹேலோ 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் பையன்கள் ஸோம்பி ஆட்டம் ஒன்றைக் கிளப்பினார்கள். செத்தவன் தானே மெனுவுக்குப் போய் ஸோம்பி அணிக்கு மாறிக்கொள்ள வேண்டும். கேம் மாற்றிவிடாது. அவன் ஏமாற்றினால் ஆட்டம் காலி. இருந்தும் ஆடித் தீர்த்தார்கள். 2007-ல் ஹேலோ 3 வந்தபோது அதே ஆட்டம் இன்ஃபெக்‌ஷன் என்ற பெயரில் கேமுக்குள்ளேயே இருந்தது.

பிசி இல்லை, போன்தான் என்கிறீர்களா? அப்போது கட்டை அடுக்கி உலகம் கட்டுகிற மைன்கிராஃப்ட் கேமில் கண்ணாமூச்சி ஆடுங்கள். ஒருவர் ஹாட்ஸ்பாட்டில் எல்லோரும் சேர்ந்துவிட்டால் ஒரே வீட்டில் உட்கார்ந்து ஆடலாம். கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்பில் ஆடும் இடத்தின் எல்லையை கமாண்ட் போட்டே சுருக்கலாம். போனில் அந்த கமாண்ட் கிடையாது, சிவப்புக் கம்பளிக் கட்டைகளை வரிசையாக நட்டு எல்லை காட்டுங்கள். 2025-ல் வந்த லொகேட்டர் பார் யார் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும், அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். குனிந்து நடந்தால் சுவருக்குப் பின்னால் உங்கள் பெயர் தெரியாது.

அப்புறம், கூட ஒரு தம்பியோ தங்கையோ ஒட்டிக்கொண்டு வருமே, அதை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஆட்டத்தில் கண்டக்டர் வேலை கொடுக்கலாம்: பாயிண்ட் எழுதுவது, ஊர் பெயர் கத்துவது. விதியை மாற்ற வேண்டும் என்று யார் குதித்தாலும் பஸ் ஊர் சேரட்டும், அடுத்த டிரிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற அதிகாரமும் கண்டக்டருக்கே.

[திரையில்: பாயிண்ட் பட்டியல். இரண்டு டிரைவர்களும் 7-க்கு 4. மேலே பெரிய எழுத்தில்: ரிட்டன் டிரிப்.]