பள்ளம் யார் கணக்கில்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஊருக்குள் நுழைகிற ரோட்டில் பள்ளம் விழுந்துவிட்டது என்று மனு எழுதுகிறீர்கள். நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குப் போனால், "இது எங்க ரோடு இல்லீங்க, ஒன்றியத்து ரோடு" என்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால், "இது திட்டத்துல போட்ட ரோடு, காண்ட்ராக்டர்தான் பார்க்கணும்" என்கிறார்கள். நடந்து நடந்து செருப்பு தேய்கிறது, பள்ளம் அகலமாகிறது. இரண்டு அலுவலகத்திலும் சொன்னது பொய்யில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ரோடு யாருடையதோ அவர்கள் பையிலிருந்துதான் பணம் வரவேண்டும். அதனால் மனு எழுதுவதற்கு முன்னால் ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு அலுவலகம் போக வேண்டியதில்லை. ரோட்டோரம் கிலோமீட்டர் கல் நிற்கிறதே, அதன் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. நீலமோ கறுப்போ என்றால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. தமிழ்நாட்டில் மாநிலச் சாலைகளும் மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றியச் சாலையும் கிராம ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகின்றன. நகரத்துத் தெருக்கள் நகராட்சி, மாநகராட்சியின் பொறுப்பு. கல்லே இல்லாத ரோடு என்றால், ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பதிவேடு இருக்கும். ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் பங்கில் வண்டிக்கு எண்ணெய் போடுகிறோமே, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். இது பழைய கதை. 1927இல் பிரிட்டிஷ் அரசு எம். ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு குழு போட்டது. மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். மாட்டு வண்டிக்குப் போட்ட கப்பி ரோடு லாரிச் சக்கரத்துக்குத் தாங்கவில்லை. ரோடு போடுவது மாகாண அரசுகளுக்கும் உள்ளூர் போர்டுகளுக்கும் சக்திக்கு மீறிய வேலையாகிவிட்டது, மத்திய அரசு கை கொடுக்க வேண்டும், அதற்கு மோட்டார் ஸ்பிரிட் மேல் கூடுதல் வரி போடலாம் என்று குழு சொன்னது. மோட்டார் ஸ்பிரிட் என்றால் பெட்ரோல்தான், அந்தக் காலத்துப் பெயர். வண்டி ஓட்டுகிறவன் ரோட்டுக்குக் கொடுக்கட்டும் என்பது கணக்கு. 1929இல் மத்திய சாலை நிதி பிறந்தது.

அதே கணக்குதான் இன்றைக்கும். 1998இல் பெட்ரோல் லிட்டருக்கு ஒரு ரூபாய், மறு வருஷம் டீசலுக்கு ஒரு ரூபாய் என்று செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்குகிற தனி வரி, போட்டார்கள். 2000இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. சாலை, உள்கட்டமைப்பு செஸ் என்கிற பெயரில் அது நடுவில் லிட்டருக்கு 18 ரூபாய் வரைக்கும் ஏறி, 2022 மே மாதக் குறைப்பில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 2 ரூபாய் என்று இறங்கியது. இந்தக் காசு தேசிய நெடுஞ்சாலை, மாநிலச் சாலை, கிராமச் சாலை என்று பல பக்கம் பிரிந்து போகிறது. ரயில்வே பாதுகாப்பு வேலைகளுக்கும் அதில் பங்கு உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு மற்ற உள்கட்டமைப்புகளுக்கும் பங்கு உண்டு. பெயரில்கூட 'உள்கட்டமைப்பு' சேர்ந்துகொண்டது. பந்தியில் ஆள் கூடினால் இலையில் விழுவது குறையத்தான் செய்யும்.

கிராமத்துக்கு வருகிற பெரிய திட்டம் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம். 2000 டிசம்பர் 25இல் தொடங்கியது. சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் இருக்கிற குடியிருப்புக்கு எல்லாப் பருவத்திலும் போய்வரக் கூடிய ரோடு என்பது நோக்கம். முதலில் முழுச் செலவும் மத்திய அரசுடையது. 2015-16 முதல் நூறு ரூபாயில் 60 மத்திய அரசு, 40 மாநிலம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90க்கு 10.

இந்தத் திட்டத்தில் நான் மெச்சுகிற விஷயம் ஒன்று உண்டு. ரோடு போடுகிற காண்ட்ராக்டரே ஐந்து வருஷம் அதைப் பராமரிக்கவும் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு போர்டு நட்டிருப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சாய்ந்து நிற்கிறோமே, அதே போர்டுதான். அடுத்த தடவை படித்துப் பாருங்கள். ரோட்டின் நீளம், செலவு, முடித்த தேதி இருக்கும். கீழே முதல் வருஷப் பராமரிப்புக்கு இவ்வளவு, இரண்டாம் வருஷத்துக்கு இவ்வளவு என்று ஐந்து வருஷத்துத் தொகையும் எழுதியிருக்கும். அந்தப் பராமரிப்புப் பணம் முழுக்க மாநில அரசு கொடுப்பது. ஐந்து வருஷத்துக்குள் பள்ளம் விழுந்தால் புது எஸ்டிமேட் வேண்டாம், புது டெண்டர் வேண்டாம். போர்டைப் போட்டோ எடுத்து, தேதியைக் குறித்து, மனுவோடு இணையுங்கள்.

ஆறாவது வருஷம்தான் கஷ்டம். புது ரோட்டுக்குப் பணம் வாங்குவது எளிது. திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. இருக்கிற ரோட்டைக் காப்பாற்றப் பணம் வாங்குவதுதான் கடினம். புல் செதுக்கியதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

புல் என்றதும் அதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. தார் ரோட்டுக்கு எமன் லாரி இல்லை, தண்ணீர். ரோட்டின் நடு கொஞ்சம் மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் இருக்கவேண்டும். கிராமச் சாலையில் தார் அகலம் 3.75 மீட்டர். அதில் நடுவுக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்தரை சென்டிமீட்டர். மூன்று விரல் அகலம், அவ்வளவுதான். அந்த மூன்று விரல் வாட்டம் இருந்தால் மழைத் தண்ணீர் வழிந்து, பெர்ம் என்கிற ஓரத்து மண் பாதைக்குப் போய், பக்க வாய்க்காலில் விழும். பெர்மில் புல் வளர்ந்து, புல்லில் மண் தங்கி, இரண்டு மூன்று வருஷத்தில் பெர்ம் தார் மட்டத்தைவிட உயர்ந்துவிடும். அப்புறம் ரோடு ரோடாக இருக்காது, வாய்க்காலாகிவிடும். நின்ற தண்ணீர் தாருக்கு அடியில் இறங்கி, கீழே இருக்கிற ஜல்லி அடுக்கை ஊறவைக்கும். ஊறிய அடுக்கின் மேல் டிராக்டர் போனால் தார் அமுங்கி, முதலை முதுகு மாதிரி வெடிக்கும். பள்ளம் அதற்கப்புறம் வருவது. மண்வெட்டியோடு நாலு ஆள் ஒரு வாரம் பெர்மைச் செதுக்கி வாட்டம் கொடுத்தால் போதும். மறுபடியும் சொல்கிறேன், மழைக்கு முன்னால் பெர்மைச் செதுக்க வேண்டும், மழைக்கு அப்புறம் இல்லை.

தார் போடும்போது என்ன பார்க்கலாம்? 20 மில்லிமீட்டர் தார்க்கலவை விரிப்புக்கு, பத்துச் சதுர மீட்டருக்கு 14.6 கிலோ தார் என்பது விதி. ஒரு கிலோமீட்டர், 3.75 மீட்டர் அகலம் என்றால் கிட்டத்தட்ட ஐந்தரை டன். பீப்பாய்க்கு 150 கிலோ என்று வைத்தால் முப்பத்தாறு, முப்பத்தேழு பீப்பாய். மேலே போடுகிற சீல் கோட்டும் அடியில் தெளிக்கிற டேக் கோட்டும் தனி. இருபது பீப்பாயில் கிலோமீட்டர் முடிந்தது என்றால் செய்த வேலையின் அளவை எழுதிவைக்கிற அளவுப் புத்தகத்தை ஒன்றியப் பொறியாளரிடம் கேளுங்கள். கலவையின் சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் உருளை ஓடி முடிக்கவேண்டும். கலவை லாரி தூரத்திலிருந்து வந்து, சாப்பாட்டு நேரத்தில் தார்ப்பாய் மூடாமல் நின்றால், அந்த லோடு ஜல்லி கையோடு பெயர்ந்து வரும்.

இன்னொன்று, காலக் கணக்கு. நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று எல்லாம் முடிந்து காண்ட்ராக்டர் ஜல்லி கொட்டும்போது ஐப்பசி பிறந்திருக்கும். நம் ஊரில் மழை கொட்டுகிற மாதம். ஜனவரி வரைக்கும் சும்மா கிடந்து, மார்ச் 31க்குள் பில் போடவேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக வேலை நடக்கும். எஸ்டிமேட்டை முந்தைய வருஷமே தயாராக வைத்திருக்கிற ஒன்றியங்கள் மட்டும் இதில் தப்பிக்கின்றன.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. நகரத்து ரோட்டுக்கு வரவே முடியவில்லை. இரண்டே இரண்டு வார்த்தை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போடவேண்டும் என்று 2021 மே மாதம் தமிழ்நாட்டில் உத்தரவு வந்தது. அதற்கு மில்லிங் என்று பெயர். வாசலைவிட ரோடு உயர்ந்தால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அதனால் உங்கள் தெருவில் வேலை ஆரம்பிக்கிற அன்றைக்கு மில்லிங் மெஷின் வந்ததா என்று பாருங்கள். குடிநீர்க் குழாய்க்கு வெட்டின பள்ளத்தை ஒரே மூச்சில் மண்ணைத் தள்ளி மூடவிடாதீர்கள். ஒரு சாண் மண் போட்டு, நனைத்து, இடித்து, மறுபடி ஒரு சாண். மாநில அரசு நபார்டு வங்கியில் வாங்குகிற சாலைக் கடனைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன், அதற்கு இன்னொரு நாள்தான். வணக்கம்.