ஜாயினிங் தேதி வந்த பிறகு பேப்பருக்காக ஓடாதீர்கள்: ஓசூர் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

எல்லோருக்கும் வணக்கம். காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பேசுகிறேன். பக்கத்தில் போர்வெல் போடுகிறார்கள், அந்தச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவன். இன்னும் மூன்று வாரத்தில் ஜாயினிங். நேற்று ராத்திரி ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இதில் எல்லாம் இருக்கிறதா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றான். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் ஆறு வருடம் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தேன். புதிதாகச் சேருபவர்களின் பேப்பரைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அதனால் ஊரில் யாருக்கு வேலை கிடைத்தாலும் பை என்னிடம் வந்துவிடும். எனக்கும் அது பிடிக்கும்.

பையில் எல்லாமே இருந்தது. ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பன்னிரண்டாம் வகுப்பு, ஐ.டி.ஐ. சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ், பாஸ்புக், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு. ஆனால் பத்தாம் வகுப்பில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர். மூன்றும் அவன்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள்.

நம் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு உண்டு. உதாரணத்துக்கு, முனியப்பன் மகன் கோவிந்தராஜ் என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் 'கோவிந்தராஜ் மு' என்று எழுதியிருப்பார்கள். ஆதார் எடுக்கும்போது இனிஷியலே போடாமல் 'கோவிந்தராஜ்' என்று பதிந்திருப்பார்கள். பான் கார்டு வாங்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் அது 'கோவிந்தராஜ் முனியப்பன்' ஆகிவிடும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் இன்னும் சிக்கல். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள், சிலர் எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் படித்திருப்பார்கள். ஒரு பேப்பரில் நாகராஜப்பா, இன்னொன்றில் நாகராஜ். யாரும் பொய் சொல்லவில்லை. கவுண்டரில் உட்கார்ந்தவர் காதில் விழுந்ததைத் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, கம்பெனி ஏன் இவ்வளவு பேப்பர் கேட்கிறது? நம் நாட்டுக் குடிமக்கள் இங்கே வேலை பார்க்கத் தனியாக அனுமதி அட்டை எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஓசூர் வருகிற பிள்ளைகளுக்கும் அதேதான். கம்பெனி தெரிந்துகொள்ள வேண்டியது சில விஷயங்கள். நீங்கள் இன்னார்தானா, உங்கள் வயது என்ன, படித்தது உண்மையா, சம்பளத்தை எந்தக் கணக்கில் போடுவது, பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதியை யார் பெயரில் கட்டுவது.

வயது விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஆதாரில் பிறந்த தேதி இருக்கிறதே, அது போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. ஆதார் அடையாளத்துக்குத்தான் சான்று. பிறந்த தேதிக்குச் சான்றாக ஆதாரை ஏற்பதை பி.எஃப். நிறுவனம் 2024 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ் போன்றவைதான் அங்கே பேசும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான சான்றே பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தச் சான்றிதழில் பெயரைச் சேர்த்து இப்போதே பத்திரப்படுத்துங்கள்.

இந்தப் பெயர்க் குழப்பத்தை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், என் அப்பாவால்தான்.

அப்பா ஓசூரில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது பி.எஃப். எண் போட்டார்கள். மொத்தம் மூன்று எண். ஒன்றில் பிறந்த தேதி சரி, ஒன்றில் வருடம் மட்டும் குத்துமதிப்பாக, மூன்றாவதில் பெயரில் ஒரு எழுத்துக் குறைவு. வேலையில் இருந்த வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, மாதாமாதம் பிடித்தம் ஆனது. 58 வயது முடிந்து பென்ஷனுக்கு எழுதிப் போட்டபோதுதான் எல்லாம் திரும்பி வந்தது. ஒரு கான்ட்ராக்டர் தொழிலையே மூடிவிட்டுப் போயிருந்தார். திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்பா பஸ்ஸில் அலைந்தார். தன் சொந்தக் காசைக் கேட்க, தான் தான்தான் என்று நிரூபிக்க. அந்த அலைச்சலைக் கூட இருந்து பார்த்தவள் நான்.

அதனால் சொல்கிறேன், தவறான பெயர் ஜாயினிங் நாளில் பெரும்பாலும் உங்களைத் தடுக்காது. உள்ளே விட்டுவிடுவார்கள். பணம் எடுக்கப் போகும்போதுதான் தடுக்கும்.

இப்போது பி.எஃப்.புக்கு யு.ஏ.என். என்கிற 12 இலக்க எண் ஒருவருக்கு ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் அதே எண். 2025 ஆகஸ்டிலிருந்து புதிதாக யு.ஏ.என். எடுப்பதே அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டி, ஆதாரோடு ஒப்பிட்டுத்தான். ஆதாரில் என்ன பெயரோ அதுவே பி.எஃப்.பில் ஏறும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்து வையுங்கள். அதுதான் அஸ்திவாரம். அதற்கு ஒத்த மாதிரி ஆதாரைத் திருத்துங்கள். ஆதார் திருந்திய பிறகு பான், வங்கி. அதற்குப் பிறகு யு.ஏ.என். இதைத் தலைகீழாகச் செய்தால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருத்த வேண்டிவரும்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு தடவை. அவசரத்தில் தப்பாகக் கொடுத்து அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். மையத்தில் கட்டணம் 75 ரூபாய். திரையில் தட்டியதை உங்களிடம் காட்டுவார்கள், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

பான் இல்லாதவர்கள், ஆதார் இருந்தால் வருமான வரித் தளத்திலேயே உடனடி இ-பான் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரருக்கு முன்னூறு, நானூறு கொடுக்காதீர்கள்.

பாஸ்புக். இதில் எங்கள் கம்பெனியில் மாதத்துக்கு நாலைந்து பேருக்காவது சம்பளம் திரும்பி வரும். காரணம், வங்கிக் கிளையின் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி. பழையதாக இருப்பது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. கிளை அதே தெருவில் இருக்கும், அந்தக் குறியீடு மாறியிருக்கும். பள்ளியில் படிக்கும்போது அப்பாவோடு சேர்த்துத் திறந்த கணக்கும் வேண்டாம். உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இருக்கட்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம். அதற்குக் குடும்பத்தார் விவரம் கேட்பார்கள். "அப்புறம் தருகிறேன்" என்று விட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஓசூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு ஓடும் நாளில் அந்தப் பெயர் அதில் இருக்க வேண்டும்.

முன்னால் எங்கேயாவது ஆறு மாதம் வேலை பார்த்து விட்டுவிட்டீர்களா? அதை மறைக்காதீர்கள். சேரும்போது பி.எஃப்.புக்காக ஃபார்ம் 11 தருவார்கள், பழைய யு.ஏ.என். உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். "இல்லை" என்று எழுதிவிட்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பழைய கம்பெனியில் சொல்லாமல் நின்றுவிட்டோமே என்கிற பயம். அந்தப் பயத்துக்காகப் பழைய பணத்தைத் தொங்கலில் விடாதீர்கள். ஏற்கெனவே யு.ஏ.என். இருந்து பெயரில் பிழை என்றால், அது 2017 அக்டோபர் 1-இலோ அதற்குப் பிறகோ கொடுத்த எண்ணாக இருந்து ஆதாரோடு சரிபார்த்ததாகவும் இருந்தால், பழைய முதலாளியைத் தேடாமல் நீங்களே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். என் அப்பா காலத்தில் இது இல்லை.

ஒரிஜினல் சான்றிதழ்களைப் பற்றி. காட்டுங்கள், சரிபார்க்கட்டும், அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். "ஒரு வருடம் எங்களிடம் இருக்கட்டும்" என்று கேட்டால் பணிவாக மறுத்துப் பாருங்கள். கட்டாயம் என்றால், என்னென்ன வாங்கினார்கள் என்று கம்பெனித் தாளில் முத்திரையோடு எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை அரசின் டிஜிலாக்கர் செயலியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் நேரடியாக வருகிற ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம்.

ஜெராக்ஸ் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறேன் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எண் முழுதாகத் தேவையில்லாத இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரே போதும்.

தம்பி இன்றைக்குக் காலையில் ஆதார் மையத்துக்குப் போயிருக்கிறான். மார்க் ஷீட்டில் உள்ளபடி இனிஷியலையும் சேர்த்துத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். திருத்தம் வர நாள் ஆனால், ரசீதைக் காட்டி ஹெச்.ஆர்.இடம் விஷயத்தைச் சொல், யு.ஏ.என். எடுக்கக் கொஞ்சம் அவகாசம் கேள் என்றேன். முன்கூட்டிச் சொன்ன பிள்ளைகளுக்கு நாங்கள் அவகாசம் கொடுத்துத்தான் இருக்கிறோம்.

உங்கள் பேப்பரில் என்ன சிக்கல் என்று கீழே எழுதுங்கள், தெரிந்த வரைக்கும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன். ஆதார் எண்ணையோ சான்றிதழ் போட்டோவையோ மட்டும் கமெண்டில் போடாதீர்கள். போன வீடியோவில் இரண்டு பேர் போட்டிருந்தார்கள், பார்த்த உடனே நீக்கிவிட்டேன்.