சறுக்கு அலையின் வேகத்தை அளப்பது

நாகர்கோவில் வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மார்த்தாண்டத்துத் தேனையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் கெட்டியான திரவங்கள் என்றே சொல்கிறோம். ஆனால் இயற்பியலில் அவை இரண்டும் வேறு வேறு இனத்தைச் சேர்ந்தவை. தேனைச் சுழற்றிக் கையை எடுத்தால் அது சுழன்றபடியே ஓய்ந்துவிடும். வெள்ளைக்கருவோ ஓய்வதற்கு முன் சற்றுப் பின்னோக்கித் திரும்பும், ஏனெனில் அதன் நீண்ட புரத இழைகள் தாம் இழுபட்டதைச் சிறிது நேரம் மறப்பதில்லை. ஓட்டத்தைத் தடுக்கும் பாகியல் தன்மையும் பழைய நிலைக்குத் திரும்பும் மீட்சித்தன்மையும் சேர்ந்திருக்கும் இத்தகைய திரவங்களில், சுவரைப் பக்கவாட்டில் திடீரென்று நகர்த்தினால், அந்த அசைவு ஒரு சறுக்கு அலையாகத் திரவத்துக்குள் பயணம் செய்யும். அந்த அலையின் வேகத்தை எப்படி நம்பகமாக அளப்பது என்பதே இன்றைய உரையின் பொருள்.

இதற்கான கோட்பாட்டை 1867-இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் முன்வைத்த எண்ணத்திலிருந்து தொடங்கலாம். குறுகிய நேரத்தில் திடப்பொருள் போலவும் நீண்ட நேரத்தில் திரவம் போலவும் நடந்துகொள்ளும் பொருளுக்குத் தளர்வு நேரம் என்ற ஓர் அளவு உண்டு; இழுபட்ட விசை தளர்ந்துபோக ஆகும் நேரம் அது. அந்த நேரத்துக்குள், அலை வேகத்தின் இருமடியை அடர்த்தியால் பெருக்கினால், பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதைக் காட்டும் விறைப்புக் குணகம் கிடைக்கும். சோப்பு இனத்து மூலக்கூறுகள் புழுப்போல் நீண்டு பின்னிக்கொள்ளும் ஒரு கரைசலின் அடர்த்தி நீரினுடையது போலவும், விறைப்புக் குணகம் 40 பாஸ்கல் என்றும் கொண்டால், அலை வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர்தான். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் செல்கிறது என்பதை நினைத்தால், இது எவ்வளவு மெதுவான அலை என்பது விளங்கும்.

1980-களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேனியல் ஜோசப்பும் உடன் உழைத்தவர்களும் இதற்கென ஒரு கருவியை அமைத்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரு உருளைகள், இடையில் திரவம்; வெளி உருளையைச் சட்டென்று திருப்பி, உள் உருளை எப்போது அசையத் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். இடைவெளியை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கிறது. எளிமையான முறைதான், ஆனால் எச்சரிக்கை தேவைப்படுவதும் இங்கேதான். மீட்சியே இல்லாத திரவத்திலும் அசைவு பரவி எதிர்ச்சுவரை எட்டத்தான் செய்யும். உணர்கருவி ஒரு நேரத்தைக் காட்டும். நாமும் அதை வேகம் என்று எழுதிவிடுவோம். ஆகவே இடைவெளியை மாற்றி மாற்றி அளப்பது கட்டாயம். இடைவெளி இருமடங்காகும்போது நேரமும் இருமடங்கானால் வந்தது அலை. நேரம் நான்கு மடங்கானால் வந்தது வெறும் பரவல். ஒரே இடைவெளியில் எடுத்த எண்ணை, எத்தனை தசம இடங்கள் வரை அது தரப்பட்டிருந்தாலும், அலை வேகம் என்று நான் ஏற்கமாட்டேன்.

சுவரைத் தொடர்ந்து அதிரவைத்து அலைநீளத்தை அளக்கும் முறையிலும் ஏமாற்றும் இதே கண்ணி இருக்கிறது. பாகியல் எண் 10 பாஸ்கல் நொடியும் அடர்த்தி கன மீட்டருக்கு 1,400 கிலோகிராமும் உள்ள தேனை நொடிக்கு 10 முறை அதிரவைப்பதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். கட்ட வேகம், அதாவது அலையின் முகடு நகரும் வேகம், நொடிக்கு ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் என்று வரும். அதைச் சூத்திரத்தில் இட்டால், இல்லாத விறைப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கல் கிடைத்துவிடும். உண்மையில் அந்த அசைவு 1.5 சென்டிமீட்டருக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அடங்கிவிடுகிறது. அதனால் வேகத்தோடு வீச்சு எவ்வளவு தூரத்தில் குறைகிறது என்பதையும் சேர்த்து அளந்தால்தான், மீட்சியின் பங்கையும் பாகியலின் பங்கையும் பிரித்தறிய முடியும்.

கல்லீரலின் விறைப்பை ஊடுகதிர் இல்லாமல், கேளா ஒலியால் அறியும் மருத்துவக் கருவிகளும் இந்தச் சறுக்கு அலையைத்தான் பின்தொடர்கின்றன. நலமான கல்லீரலில் அதன் வேகம் நொடிக்கு ஒரு மீட்டரை ஒட்டியிருக்கும். தழும்பு கூடக்கூட வேகமும் கூடும்.

நம் குமரி மாவட்டத்தில் இந்த அளவீட்டுக்கு மிகப் பொருத்தமான பொருள் ரப்பர் பால் என்பது என் கருத்து. குலசேகரம் பக்கத்திலும் எல்லைக்கு அப்பால் கேரளத்திலும் பாலை ஊற்றி, ஆசிட் சேர்த்து, உறையவைத்து ஷீட் அடிக்கிறார்கள். திரவமாக ஊற்றிய பால் வலைப்பின்னலாக இறுகும் அந்த நேரத்தில், மீட்சித்தன்மை பிறந்து வளர்கிறது. அலை வேகமும் அதோடு உயர வேண்டும். பால் ஒளியை உள்ளே விடாததால், திரவத்தின் ஊடே ஒளியைச் செலுத்தி, அதில் தோன்றும் நிறக்கோலங்களைக் கண்ணால் பார்க்கும் ஒளியியல் முறைகள் இங்கே உதவா. உருளைக் கருவியும் கேளா ஒலியும் உதவும். ஆனால் பொருள் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும்போது, ஓர் இடைவெளியில் அளந்துவிட்டு, கருவியைப் பிரித்து மாட்டி இன்னோர் இடைவெளியில் அளப்பது பயன் தராது. ஒரே பாலை இரண்டு இடைவெளிக் கருவிகளில் ஒரே வேளையில் ஊற்றி, ஆசிட்டின் அளவையும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, இரண்டிலும் சேர்ந்தே அளக்க வேண்டும். நம் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் இந்தச் சோதனையை எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.