பட்டையைக் கழற்றுங்கள், வாயைத் திறங்கள்

அவைத் தலைவர் அவர்களே, இவ்விழாவுக்காகப் பல நாட்கள் உறக்கம் துறந்து உழைத்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து எங்களுக்குப் பெருமை சேர்த்திருக்கும் முதுபெரும் ஆசான்களே, பிள்ளைகள் பயிற்சி முடித்து வரும்வரை வாசலிலேயே காத்திருந்து பழகிய பெற்றோர்களே, பல நிறப் பட்டைகளோடு திரண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் இத்தனை படிகள் ஏறி வந்திருக்கும் தலைவருக்கு ஒரு பெரிய கைதட்டல் கொடுங்கள். எனக்கு முன் பேசிய சிறப்பு விருந்தினர் ஒழுக்கத்தைப் பற்றி ஆணித்தரமாகப் பேசினார். அந்த உரையில் எனக்கு முழு உடன்பாடு.

ஒரு தற்காப்புக் கலையில் கறுப்புப் பட்டை வாங்கியவர் இன்னொரு கலை கற்கப் போகிறார். பழைய தகுதியை அவர் என்ன செய்ய வேண்டும்? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மாணவர், மாஸ்டர் என்று இரு தரப்பாரிடமும் பேச நினைத்து வந்திருக்கிறேன். என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, நான் எந்தப் பழமொழியில் தொடங்குவேன் என்று தெரியும். யானைக்கும் அடி சறுக்கும்.

இந்தப் பட்டைக்கு எத்தனை வயது என்று முதலில் பார்ப்போம். ஜப்பானில் கானோ ஜிகோரோ கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை வளர்த்தது 1882-ல். அடுத்த ஆண்டு சைகோ ஷிரோ, தொமிதா ட்சுனேஜிரோ என்ற இரு மாணவர்களுக்கு முதல் டான், அதாவது கறுப்புப் பட்டை நிலையின் முதல் படி, என்ற தகுதியைக் கொடுத்தார். அதற்கு முன் பழைய ஜப்பானியப் பள்ளிகளில் தகுதி என்பது சுருளில் எழுதிக் கொடுத்த சான்று. கராத்தேக்கு டான் வந்தது இன்னும் பின்னால். ஃபுனகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவுக்கு வந்து கோடோகானில் கராத்தேயைச் செய்து காட்டினார். ஜூடோவில் இருந்த டான் முறையையே எடுத்துக்கொண்டு 1924-ல் தம் மாணவர்களுக்குத் தகுதி வழங்கினார். நாம் உயிரைப் போலக் காக்கும் கறுப்புப் பட்டைக்கு வயது ஒன்றரை நூற்றாண்டு கூட இல்லை.

அந்தக் கானோவே இரண்டாம் முறை மாணவராக உட்கார்ந்தவர். தென்ஜின் ஷின்யோ பள்ளியில் தேறிய பிறகுதான் கிதோ பள்ளியின் இயிகுபோ ட்சுனேதோஷியிடம் போனார். அங்கே மாஸ்டர் இவரை எறிந்துகொண்டே இருந்தார். பழைய சான்றைக் காட்டி இவர் வாதாடவில்லை, விழுந்து விழுந்து கற்றார். ஜூடோவின் எறிதல்கள் பலவற்றுக்கு அங்கே கற்றதுதான் அடித்தளம். 1930-ல் உயெஷிபா மொரிஹேயின் கலையை, பின்னாளில் ஐகிடோ என்று பெயர் பெற்றதை, கண்டு வியந்தபோது, தம்மிடம் தேறிய மொச்சிசுகி மினோருவை அவரிடம் மாணவராக அனுப்பி வைத்ததும் இதே கானோதான். தம் பட்டை பெற்றவர் இன்னொருவர் முன்னால் மண்டியிட்டால் தமக்கு இழுக்கு என்று அவர் நினைக்கவில்லை.

மாணவர்களே, பழைய கலையிலிருந்து உங்களோடு வருவது என்ன? தூரக் கணிப்பு வரும். எதிராளி அசையும் கணத்தைப் படிக்கும் கண் வரும். அடிபட்டாலும் பதறாத மனம் வரும். கூடவே பழைய பழக்கமும் வரும், அதுதான் சிக்கல். ஜூடோக்காரர் முதுகு தரையில் படாமல் இருக்கப் பல ஆண்டுகள் பழகியவர். வேகமாக விழுந்து முதுகு முழுதும் பட்டால் இப்பொன், அதாவது முழுப்புள்ளி, ஆட்டம் முடிந்தது. ஆகவே விழும்போதே திரும்பிக் குப்புறப் படுத்துவிடுவார். பிரேசிலிய ஜுஜுட்சுவில் அப்படிப் படுத்தால் முதுகைத் தானமாகக் கொடுத்தது போல, பின்னாலிருந்து கழுத்து நெரிபடும். டேக்வாண்டோவில் கைகளைத் தாழ்த்தி வைத்துப் பழகியவருக்குக் குத்துச்சண்டை மேடையில் முகம்தான் முதலில் பாடம் படிக்கும். குத்துச்சண்டை வீரர் குனிந்து தப்பிப்பதில் கெட்டிக்காரர். முழங்காலாலும் அடிக்கும் தாய்லாந்துக் கலையான முவே தாயில் குனிந்தால் முழங்கால் மேலே வரும். கராத்தேயில் முன்காலில் எடையைப் போட்டு நீளமாக நிற்பவருக்கு ஜூடோவில் அந்தக் காலைத்தான் வாரிவிடுவார்கள். இந்த நால்வருமே அவரவர் கலையில் யானைதான். அடி சறுக்குவது புதுத் தரையில்.

ஆகவே கலை மாறினால், புதியவர் கட்டும் வெள்ளைப் பட்டை. கலை அதே, சங்கம் மட்டும் வேறு என்றால், புதிய மாஸ்டர் சொல்லும்வரை வெள்ளையோடு நில்லுங்கள், சொன்னால் பழையதைக் கட்டுங்கள். வகுப்பின் நடுவே 'எங்கள் மாஸ்டர் வேறு மாதிரிச் சொல்லிக் கொடுத்தார்' என்று பக்கத்தில் நிற்பவரைத் திருத்த வேண்டாம்.

இதோடு முடித்தால் பாதிதான் சொன்னவனாவேன். அடக்கம் என்ற பெயரில் நடக்கும் இன்னொரு தவற்றை நான் நேரில் பார்த்தேன். ஒரு ஜுஜுட்சு வகுப்பு. புதிதாக ஒருவர் வந்தார், நாற்பதை நெருங்கும் வயது, சாந்தமான முகம். 'முன்னாடி ஏதாவது பழகியிருக்கீங்களா?' என்று மாஸ்டர் கேட்டார். 'சும்மா கொஞ்சம் மாஸ்டர்' என்றார் இவர். உண்மையில் ஜூடோவில் கறுப்புப் பட்டைக்காரர், மாநில அளவில் ஆடியவர். பீற்றிக்கொள்ளக் கூடாது என்ற நல்ல எண்ணம். புதியவரைப் புதியவரோடு சேர்ப்பதுதானே வழக்கம், ஒரு தம்பியோடு சேர்த்தார்கள். தம்பி வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அடுத்த மாதம் கல்யாணம், அதற்குள் உடம்பை இறக்க வேண்டும் என்று வந்தவன். 'அண்ணா, நீங்களும் புதுசா?' என்று கேட்டான். 'ஆமாம் தம்பி.' 'அப்பாடா, நான் மட்டும்தான் தெரியாம முழிக்கிறேன்னு நினைச்சேன்!' இருவரும் சிரித்தார்கள். நின்றபடி பிடிக்கச் சொன்னார் மாஸ்டர். தம்பிக்கு உற்சாகம், முழு எடையையும் போட்டு முன்னால் தள்ளினான். அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்கும் வேலையைப் பத்தாண்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டது. இடுப்பு திரும்பியது, தோள் தம்பியின் கையிடுக்கில் நுழைந்தது. செயோய் நாகே, தோள்மேல் தூக்கி எறிதல்! காற்றில் ஒரு வட்டம் போட்டு வந்த தம்பிக்கு விழத் தெரியாது. கையை நீட்டி ஊன்றினான். காறை எலும்பு முறிந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மாஸ்டர் ஓடி வந்தார், தம்பியைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்துக் கேட்டார்: 'நீங்க யாருங்க?' இவர் சொன்னார். 'இதை அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களை என்னோடல்லவா சேர்த்திருப்பேன்!' அந்தப் பெரிய மனிதர் கண்கலங்கி நின்றார். தம்பி கையைத் தூளியில் கட்டிக்கொண்டுதான் மணமேடையில் உட்கார்ந்தான்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்த தகுதி, காட்டிக்கொள்ளும் தகுதியைவிட ஆபத்தானது. போட்டிகளிலும் இதே காரணத்துக்காகத்தான் ஜூடோ கறுப்புப் பட்டைக்காரரை ஜுஜுட்சு வெள்ளைப் பட்டைப் பிரிவில் சேர்க்காத விதி இருக்கிறது. பட்டையைக் கழற்றுங்கள், வாயைத் திறங்கள். என்ன கலை, எத்தனை ஆண்டு, எந்த மூட்டில் காயம் என்று முதல் நாளே மாஸ்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

மாஸ்டர்களுக்கு ஒரு வார்த்தை. வேறு கலையின் பட்டையோடு வருபவரின் திமிரை அடக்கவென்று, கூடத்திலேயே முரடரை அவர் மேல் ஏவிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதற்குப் பெயர் பயிற்சி இல்லை, கொடுமை. கைவிடுங்கள்.

அந்தத் தம்பியின் எலும்பு முறிந்ததற்கு இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. இரண்டு வாரம் வகுப்புக்கு வந்தும் அவனுக்கு விழக் கற்றுத் தரவில்லை. இதற்காகத்தான் நான் மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, உள்ளங்கையும் முன்கையும் சேர்த்துத் தரையில் அறைவது, அதாவது உகேமி. இது ஜூடோக்காரர்களின் தனிச்சொத்து இல்லை. ஜூடோவில் வரும் கடுமையான தலைக்காயங்கள் பெரும்பாலும் புதியவர்களுக்கே நேர்கின்றன. ஓசோட்டோ காரி எறிதலில் பின்னோக்கிப் போய்ப் பின்தலை மோதுவதுதான் அவற்றில் அதிகம். கூடத்துக்கு வெளியே பாருங்கள். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்தே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் மிகுதியானோர் முதியவர்கள். தலைவர் அவர்கள் இன்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறியபோது என் நெஞ்சு பதைத்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்றால், நம் தாத்தா பாட்டிக்குச் சறுக்காதா? குத்துச்சண்டைக் கூடமோ கராத்தேக் கூடமோ, எங்கே புதிதாகச் சேர்ந்தாலும், பள்ளியில் உடற்பயிற்சி வகுப்புக்கு நின்றாலும், முதல் மாதம் விழுவதைக் கற்றுத்தர வேண்டும். பத்தாவது டான் வாங்கியவர் புதிதாக வந்தாலும் அந்த வரிசையில் நிற்கட்டும்.

செயலாளர் மணியைக் காட்டுகிறார். இரண்டு தீர்மானங்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் 'முன்பு கற்ற கலை, தகுதி, காயங்கள்' என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். விழத் தெரிந்தவர் என்று மாஸ்டர் கையெழுத்திடும்வரை எவரையும் நின்றபடி மோதவிடக் கூடாது. தீர்மானத்தாள் வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்திட்டுச் செல்லுங்கள். கூடத்தில் பாய் விரித்து வைத்திருக்கிறோம். விழப் பழக விரும்பும் பெற்றோர்கள், வயது எதுவானாலும், விழா முடிந்ததும் அங்கே வாருங்கள். நன்றி, வணக்கம்.