சாவைக் காட்டாமல் கொலைக் கதையா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, ரங்கூன் தமிழ்ச் சபைகளிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

கிறிஸ்தவ மர்மக் கதையில் கொலையையும் சாவையும் கண்முன் காட்டலாமா, கூடாதா? கூடாது என்று பேசிய அண்ணன் வேதத்திலிருந்து பிலிப்பியர் 4:8ஐ எடுத்தார். கற்புள்ளவை, அன்புள்ளவை, அவற்றையே சிந்தியுங்கள் என்றார். சரி அண்ணே, அந்த வசனம் உண்மையுள்ளவற்றிலிருந்துதானே தொடங்குகிறது? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அதே வேதத்தில் நியாயாதிபதிகள் 3ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இடதுகைக்காரன் ஏகூத், எக்லோன் ராஜாவை வயிற்றில் குத்துகிறான். கைப்பிடியும் உள்ளே போகிறது, கொழுப்பு மூடிக்கொள்கிறது. கதவைப் பூட்டிவிட்டு நழுவிவிடுகிறான். ராஜா மலஜலாதிக்குப் போயிருக்கிறார் என்று நினைத்து ஊழியக்காரர்கள் வெளியே காத்து நிற்கிறார்கள். உள்ளே கிடப்பது பிணம் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மர்மக் கதை எழுத இதைவிட நல்ல பாடம் உண்டா?

அப்புறம் தாவீது ராஜாவின் போர்வீரன் உரியா. அவன் மனைவியைத் தாவீது தனதாக்கிக்கொள்கிறார். தன்னைச் சாகடிக்கச் சொல்லி தாவீது எழுதிய கடிதத்தைத் தானே படைத்தலைவன் யோவாபிடம் கொண்டுபோகிறான். அவன் செத்ததை வேதம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தச் சாவை அதோடு விடுவதில்லை. மனைவி புலம்புகிறாள். தீர்க்கதரிசி நாத்தான் வந்து தாவீதின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்கிறார். தாவீதுக்கு அவளிடம் பிறந்த குழந்தை சாகிறது. எங்கள் அணி கேட்பதும் இதுதான். பக்கத்துக்குப் பக்கம் இரத்தம் ஓட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. செத்தவரும் யாரோ பெற்ற பிள்ளை என்பது வாசகருக்கு உறைக்க வேண்டும்.

எதிரணி கேட்கும் சுத்தமான கதையில் முதல் பக்கத்தில் பிணம், இரண்டாம் பக்கத்தில் டீ. ஒருவரும் அழுவதில்லை. கொலையை லேசாக்குவது அந்தக் கதைதான் ஐயா!

1941 டிசம்பர் 23, இதே ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் நின்ற இடத்திலேயே செத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்றும் விட்டுவைக்கவில்லை. பிறகு நம் ஜனங்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அந்தக் கிறிஸ்துமஸை வைத்துக் கதை எழுதுகிறவர், "துயரச் சம்பவம்" என்று ஒரு வரியில் தாண்டிப்போனால், வழியில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தார் அதை எப்படிப் படிப்பார்கள்?

சிறுவர்கள் படிப்பார்களே என்றார் எதிரணித் தங்கை. நியாயமான கவலை. அட்டையிலேயே 'பெரியவர்களுக்கு' என்று போடுவோம், ஞாயிறு பள்ளிக்கு வேறு கதை எழுதுவோம். பெரியவர்களிடம் மறைக்க வேண்டாம். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.