நன்றாக ஓடும் லேப்டாப்பைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள் | விண்டோஸ், மிண்ட், மேக்: என் முடிவு

வணக்கம் மக்களே. 700 ரூபாய். இந்தத் தொகையை இன்றைக்கு நிறைய தடவை சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் லேப்டாப்பை உங்களுக்குத் தெரியும். ஹிஞ்ச் உடைந்து எம்-சீல் வைத்து ஒட்டியது, அதற்கே ஒரு வீடியோ போட்டிருந்தேன். இப்போது ஃபேன் சத்தம் போடுகிறதே, தூசி தட்டித் தரச் சொல்லலாம் என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். தட்டினார், நன்றாகவே தட்டினார். அதோடு விடவில்லை. "மேடம், இது செவன்த் ஜென். விண்டோஸ் லெவன் ஏறாது, டென்னுக்கு அப்டேட் நின்னுபோச்சு. புதுசு வாங்கிடுங்க" என்றார். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இல்லேன்னா 700 குடுங்க, லெவனையே ஏத்தி ஆக்டிவேட்டும் பண்ணித் தர்றேன். ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் அதிலேயே வந்துரும்."

700 ரூபாய்க்கு விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப்! ஒழுங்காக உரிமம் வாங்கினால் விண்டோஸுக்கு மட்டுமே ஆயிரக்கணக்கில் ஆகும். அப்படியென்றால் இவர் போடுவது என்ன சரக்கு? கிராக்தான், அதாவது உரிமச் சோதனையை உடைத்த திருட்டு நகல், வேறென்ன. அந்தக் கிராக் வேலை செய்ய வேண்டுமென்றால் முதல் காரியமாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். பேங்க் கணக்கு திறக்கிற கணினியில், முன்பின் தெரியாத யாரோ எழுதிய ஃபைலை, இருக்கிற காவலையும் விலக்கிவிட்டு, அட்மின் உரிமையோடு ஓட விட வேண்டும். அதற்கு நான் 700 ரூபாயும் கொடுக்க வேண்டும். நல்ல கதையாக இருக்கிறதே!

அவர் சொன்ன விவரத்தில் தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலியைக் கேட்கிறது. எட்டாம் தலைமுறை 2017 ஆகஸ்டில்தான் வந்தது. என் லேப்டாப் அதே வருடம், கொஞ்சம் முன்னால் வாங்கியது, அதாவது அவர் சொன்ன செவன்த் ஜென். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது இதற்கு வயது நான்கு. ராம் 8 ஜிபி இருக்கிறது, எஸ்எஸ்டி இருக்கிறது, நான் திறந்து வைக்கிற குரோம் டேப்களை எல்லாம் தாங்குகிறது. ஆனாலும் தகுதி இல்லை. விண்டோஸ் ஏற்றும் பென்டிரைவ் தயாரிக்கிற ரூஃபஸ் மென்பொருளில் ஒரு டிக் போட்டு அந்தச் சோதனையைத் தாண்டலாம், தெரியும், அதை மறுபடி கமென்ட்டில் எழுதாதீர்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வந்தால் வரும். அந்த மாதிரி ஏற்பாடு எனக்கு ஒத்துவராது.

அதனால் லினக்ஸ் மிண்ட் போட்டுவிட்டேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம், அதாவது ஓஎஸ். மிண்ட் 22, அதில் சினமன் என்ற திரை அமைப்பு. உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு. ஸ்டார்ட் மெனு அதே இடத்தில், டாஸ்க்பார் அதே இடத்தில். அம்மா வந்து உட்கார்ந்து யூடியூப் திறந்தார், எதுவும் மாறியதாகவே அவர் சொல்லவில்லை. உபுண்டு ஏன் இல்லை என்று கேட்பீர்கள். எனக்கு அந்த இடதுபக்கப் பட்டை பிடிக்காது, அவ்வளவுதான், பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இப்போது என் சந்தோஷத்துக்கு வருகிறேன். தமிழ்99 விசைப்பலகை! பழைய வீடியோவில் லினக்ஸில் தமிழ் தட்டச்சு வராது என்று ஒருவர் என்னோடு மல்லுக்கு நின்றாரே, அவர் இதைப் பார்க்கிறார் என்று நம்புகிறேன். இன்புட் மெத்தட் அமைப்பில் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் என்ற மென்பொருளை நிறுவி, அதில் எம்17என் என்ற விசைப்பலகை வரிசையில் தமிழ்99-ஐச் சேர்த்தேன். "அம்மா" என்று அடிக்க ஏ, கே, கே, கியூ. நான்கே தட்டு. ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும், அது தமிழ்99-இன் விதி. அப்படியே விழுந்தது. நான் கைதட்டிவிட்டேன், வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஃபோனட்டிக்கில், அதாவது தமிழை ஆங்கில எழுத்தின் ஒலிப்படி அடிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியாது, உங்களோடு அப்புறம் சண்டை போடுகிறேன்.

ஐயோ, ஒன்று விட்டுப்போயிற்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மிண்டை நிறுவும் முன்னால் பென்டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் டிஸ்க்கில் ஒரு ஃபைலையும் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, வெப்கேம் தெரிகிறதா, மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டவுன்லோட் 3 ஜிபி அளவு இருக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

பிரிண்டரையும் சோதியுங்கள். என் வீட்டில் இருப்பது பழைய குட்டி லேசர், கம்பெனிப் பெயர் வேண்டாம். அது இன்னும் வழிக்கு வரவில்லை. இந்த மாதிரி மலிவு லேசர்களுக்குப் பக்கத்தைத் தானே வரையத் தெரியாது, கணினிதான் வரைந்து அனுப்ப வேண்டும். அதற்கு அந்த மாடலுக்கென்றே எழுதிய டிரைவர் மென்பொருள் வேண்டும். புதிய வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவை டிரைவரே இல்லாமல் ஓடும்.

சரி, இவ்வளவு புகழ்ந்துவிட்டு, பெரியப்பா அச்சகத்துக்கு மிண்ட் போடவா என்று கேட்டால், கூடவே கூடாது என்பேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வீடியோவில் பார்த்திருப்பீர்கள், அங்கே ஓடுவது விண்டோஸ் 7, அதில் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7. 2001-இல் வந்த மென்பொருள். இன்றைய கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துமுறையான யூனிகோட் அதற்குத் தெரியாது, எல்லாம் பாமினி மாதிரி பழைய ஃபான்ட், ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. பாமினியில் அடித்த "அம்மா"வை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நிற்கும். பெரியப்பாவிடம் இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள் அந்த வடிவத்தில் இருக்கின்றன. போன முகூர்த்தத்துக்கு அடித்ததைத் திறந்து, பெயரை மாற்றி, அரை மணி நேரத்தில் ப்ரூஃப் கொடுக்கிறார். "ஏம்மா, ஓடுறதை ஏன் நோண்டுற?" என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுகிற வைன் வழியாக ஓட்டலாமே என்பீர்கள். வைகாசி மாதத்தில் அச்சகத்துக்குள் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். நான் செய்தது ஒன்றுதான், நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவெல்லாம் வேறு கணினியில் இறங்கி, வைரஸ் ஸ்கேன் ஆகி, பென்டிரைவில் உள்ளே போகிறது.

அண்ணிக்கும் அதே கதை, வேறு காரணம். வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பிரைம் நேரடியாக விண்டோஸுக்குத்தான் வருகிறது. ஆடிட்டர் அனுப்பும் எக்செல் ஃபைலில் மேக்ரோ, அதாவது தானே வேலை செய்யும் கட்டளைத் தொகுப்பு, இருக்கும். லினக்ஸில் இலவசமாக இருக்கும் லிப்ரே ஆபீஸ் அதைப் பாதி புரிந்துகொண்டு பாதியை விட்டுவிடும். மார்ச் கடைசியில் அந்தப் பாதி வேலைக்கு ஆகாது. அவருக்கு விண்டோஸ் 11 உரிமத்தோடு வரும் புது லேப்டாப்பை வாங்கச் சொன்னேன். லினக்ஸ் வெறியர்கள் என்னைத் திட்டலாம், திட்டிக்கொள்ளுங்கள்.

"அக்கா, எதுதான் பெஸ்ட்?" என்று எல்லா வீடியோவிலும் கேட்கிறீர்களே, நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் ஃபைலை உங்களுக்கு அடுத்து யார் திறக்கப் போகிறார்கள்? அண்ணி என்ன ஓஎஸ் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவருடைய ஆடிட்டர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். என் ஃபைலை யாரும் திறப்பதில்லை, யூடியூப்தான் வாங்கிக்கொள்கிறது. அதனால் எனக்குச் சுதந்திரம்.

எடிட்டிங்? அங்கே கொஞ்சம் இடித்தது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் லினக்ஸுக்கு இருக்கிறது, ஆனால் அதன் இலவச லினக்ஸ் பதிப்பு ஹெச்.264 என்ற பரவலான வீடியோ வடிவத்தைத் திறக்காது. போனில் எடுக்கிற வீடியோவை முதலில் மாற்ற வேண்டும், மாற்றினால் ஃபைல் பூதமாக வீங்கும். அதனால் கெடன்லைவ் என்ற இலவச எடிட்டர். இந்த வீடியோ அதில்தான் வெட்டியது, எங்காவது குதித்தால் அது என் கத்திரி.

மேக் மினி ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. எம்4 மாடல் 2024-இல் இந்தியாவில் 59,900-க்கு வந்தது. தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கும், மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த இணைமதி ஃபான்டும் கூடவே வரும். ஆனால் அப்போது 256 ஜிபியை 512 ஆக்க 20,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். வெறும் இடத்துக்கு! வெளியில் ஒரு எஸ்எஸ்டி மாட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழைய இன்டெல் மேக்கை மலிவாகத் தருகிறார்கள் என்று மட்டும் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். மேக்ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல் செயலி மேக்குக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

விண்டோஸ் 10-ஐ உடனே விட முடியாதவர்களுக்கு ஒரு அவகாசமும் இருக்கிறது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை சிங்க் செய்தால் காசு இல்லை, சிங்க் வேண்டாமென்றால் 30 டாலர். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம், பழைய லேசர் பிரிண்டரை மிண்டில் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் எந்த மாடல், எந்த டிரைவர், எந்தப் பதிப்பு என்று விவரமாக எழுதுங்கள். "எனக்கு ஓடுது அக்கா" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பிளாக் செய்துவிடுவேன், சொல்லிவிட்டேன்.